நிலவரைபட வாசிப்பு

நிலவரைபட வாசிப்பு என்பது, நிலவரைபடம் ஒன்றில் கோடுகளாலும் நிறங்களாலும் குறியீடுகளாலும் எண்களாலும் தரப்பட்டுள்ள செய்திகளிலிருந்து, நிலத்தின் உண்மையான அமைப்பை அறிந்துகொள்ளும் முறை ஆகும். ஓரிடம் எங்கே உள்ளது, அது இன்னோர் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில், எத்திசையில், எவ்வளவு உயரத்தில் உள்ளது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண்பதே இதன் அடிப்படை நோக்கம் எனலாம். பள்ளிகளில் புவியியல் பாடத்தின் ஒரு பகுதியாக இது கற்பிக்கப்படுகின்றது. நில அளவை, கட்டடப் பொறியியல், நீர்ப்பாசனம், மலையேற்றம், மீட்புப்பணி போன்ற பல துறைகளிலும் இது பயன்படுகின்றது.

நிலவரைபடம் நிலத்தின் ஒளிப்படம் அன்று. அது பல உடன்பாடுகளின் அடிப்படையில் வரையப்படுவது. எந்த அளவையில் வரையப்பட்டது, எதனை வடக்கு எனக் கொண்டது, எந்த மட்டத்திலிருந்து உயரத்தை அளந்தது, எந்த ஆண்டில் அளக்கப்பட்டது என்னும் உடன்பாடுகள் படத்தின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பார்க்காமல் படத்தின் உட்பகுதியை மட்டும் வாசித்தால் கிடைக்கும் விடை, பார்வைக்குச் சரியானதாகத் தோன்றினும் பிழையானதாக இருக்கக்கூடும்.

இக்கட்டுரையில் இடவிளக்கப்படங்கள் எனப்படும் பெரிய அளவைப் படங்களை வாசிக்கும் முறை விளக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்திய நில அளவைத் துறை, இலங்கை நில அளவைத் திணைக்களம் ஆகியவற்றின் படங்களை ஒட்டி அமைந்துள்ளன.

== வரலாறு ==

இந்திய நில அளவைத் துறை 1767 ஆம் ஆண்டிலும், இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிமீ நீளமான அடிக்கோடு ஒன்றை மிகுந்த துல்லியத்துடன் அளந்தார். அதனை ஒரு பக்கமாகக் கொண்டு முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, கோணங்களை மட்டும் அளந்து தொலைவுகளைக் கணித்துச் செல்லும் முக்கோண அளவை அங்கிருந்து வளர்ந்தது. இதுவே பின்னர் இந்தியப் பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்று இமயமலை வரை சென்றது.

உயரத்தைக் காட்டும் சம உயரக்கோடுகளின் வரலாற்றில் 1774 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஸ்காட்லாந்தின் சீகாலியன் மலையில் புவியின் அடர்த்தியை அறிவதற்காக அளவீடுகள் எடுக்கப்பட்டன. அவற்றைக் கணித்த சார்லசு அட்டன், மலையின் வடிவத்தை எளிதில் கையாளும்பொருட்டு ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தார்.

இந்தியாவில் 2005 ஆம் ஆண்டின் தேசிய நிலவரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒன்றும் பொதுமக்களுக்கு ஒன்றுமாக இரண்டு படவரிசைகளை ஏற்படுத்தியது. 2021 ஆம் ஆண்டில் வெளியான வழிகாட்டு நெறிகள் நிலவரைபடத் தரவுகள் மீதான கட்டுப்பாடுகளை மேலும் தளர்த்தின.

== அளவை ==

படத்தில் உள்ள தொலைவுக்கும் நிலத்தில் உள்ள தொலைவுக்கும் இடையிலான விகிதம் அளவை எனப்படும். இது மூன்று வகைகளில் தரப்படுகின்றது.

* சொல் முறை: "ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர்" எனச் சொற்களால் தருவது.
* பின்ன முறை: 1:50,000 என விகிதமாகத் தருவது. இதில் அலகு இல்லை. படத்தில் ஒரு விரற்கடை அளந்தால் நிலத்தில் 50,000 விரற்கடை என்றே பொருள்படும்.
* கோட்டு முறை: பிரிவுகள் இடப்பட்ட கோடு ஒன்றை வரைந்து, ஒவ்வொரு பிரிவும் நிலத்தில் எவ்வளவு தொலைவு எனக் குறிப்பது.

1:50,000 படத்தில் 2 செமீ என்பது நிலத்தில் 1 கிமீ ஆகும். பழைய படங்களில் காணப்படும் 1:63,360 என்ற அளவை, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்பதிலிருந்து வந்தது. ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் உள்ளன.

=== பெரிய அளவை, சிறிய அளவை ===

மாணவர்கள் அடிக்கடி மயங்கும் இடம் இதுவாகும். 1:10,00,000 என்பதில் எண் பெரிதாக இருப்பதால் அதனைப் பெரிய அளவை எனக் கருதிவிடுவர். அளவை என்பது ஒரு பின்னம். பத்து இலட்சத்தில் ஒரு பங்கைவிட ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே பெரியது. ஆகவே 1:50,000 படம் பெரிய அளவைப் படமும், 1:10,00,000 படம் சிறிய அளவைப் படமும் ஆகும். பெரிய அளவைப் படம் சிறிய பரப்பை விரிவாகவும், சிறிய அளவைப் படம் பெரிய பரப்பைச் சுருக்கமாகவும் காட்டும்.

=== பரப்பளவு ===

நீளம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். 1:50,000 படத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் 4 சதுர செமீ இடத்தைப் பிடிக்கும். 1:25,000 படத்தில் அதே நிலம் 16 சதுர செமீ இடத்தைப் பிடிக்கும்.

=== படியெடுக்கும்போது நேரும் பிழை ===

1:50,000 படத்தின் ஒரு பகுதியை ஏ4 தாளிலிருந்து ஏ3 தாளுக்குப் பெரிதாக்கிப் படியெடுத்தால், நீளங்கள் ஏறத்தாழ 1.41 மடங்காகும். அப்போது உண்மையான அளவை ஏறத்தாழ 1:35,000 ஆக மாறிவிடும். ஆனால் தாளில் 1:50,000 என்றே அச்சாகியிருக்கும். அதனை நம்பி அளப்பவர், 10 கிமீ தொலைவை 14 கிமீ எனப் பிழையாகக் கணிப்பார். கோட்டு முறை அளவை மட்டும் படத்துடன் சேர்ந்து பெரிதாவதால் சரியாகவே இருக்கும். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் படங்களுக்கும் இது பொருந்தும். பாடநூல்கள் கோட்டளவையை வலியுறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம் ஆகும்.

=== கிடைத் தொலைவும் சாலைத் தொலைவும் ===

படத்தில் அளக்கப்படுவது எப்போதும் கிடைத் தொலைவே. வளைந்த சாலையை அளக்க நூல் ஒன்றைச் சாலையின் மீது பொருத்தி, பின்னர் அந்நூலைக் கோட்டளவையில் வைத்துப் பார்ப்பது எளிய முறை. சாலையின் அகலத்தைப் படத்திலிருந்து அளக்கக் கூடாது. 1:50,000 படத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு நிலத்தில் 25 மீட்டருக்குச் சமம். கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே சாலைகள் உண்மை அளவிலும் தடிப்பாக வரையப்படுகின்றன.

== இருப்பிடம் ==

=== அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் ===

நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணத் தொலைவை அட்சக்கோடுகளும், இங்கிலாந்தின் கிரீனிச்சிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே உள்ள கோணத் தொலைவைத் தீர்க்கக்கோடுகளும் காட்டுகின்றன. ஒரு பாகை 60 கலைகளையும், ஒரு கலை 60 விகலைகளையும் கொண்டது. ஓர் அட்சப் பாகை நிலத்தில் ஏறத்தாழ 111 கிமீ ஆகும். தீர்க்கக்கோடுகள் துருவங்களில் ஒன்றுசேர்வதால், ஒரு தீர்க்கப் பாகையின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டில் 111 கிமீ ஆக இருக்கும் இது, 60 பாகை அட்சத்தில் அதன் பாதியாகக் குறைந்துவிடும்.

=== படத்தாள்களின் எண்கள் ===

இந்தியப் படத்தாள்களின் மரபுவழி எண்முறை இவ்விரு கோடுகளை அடிப்படையாகக் கொண்டது.

* 4 பாகை அகலமும் 4 பாகை உயரமும் கொண்ட ஒவ்வொரு பெரிய கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. வட அட்சம் 8 முதல் 12 வரையும், கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80 வரையும் உள்ள கட்டம் 58 ஆகும்.
* அக்கட்டம் ஒரு பாகைக் கட்டங்கள் பதினாறாகப் பிரிக்கப்பட்டு, ஏ முதல் பி வரையிலான பதினாறு ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும். எழுத்துகள் வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாகச் செல்லும்.
* ஒவ்வோர் எழுத்துக் கட்டமும் மீண்டும் 15 கலைக் கட்டங்கள் பதினாறாகப் பிரிக்கப்பட்டு, அதே ஒழுங்கில் 1 முதல் 16 வரை எண்ணிடப்படும். இவையே 1:50,000 அளவைத் தாள்கள்.

உதகமண்டலம் ஏறத்தாழ வட அட்சம் 11 பாகை 24 கலை, கிழக்குத் தீர்க்கம் 76 பாகை 42 கலையில் அமைந்துள்ளது. ஆகவே அது 58 ஆம் கட்டத்தில், வடமேற்கு மூலையிலுள்ள ஏ பிரிவில், மூன்றாம் நிரலின் மூன்றாவது கட்டத்தில் விழுகின்றது. அத்தாளின் எண் 58 ஏ/11 ஆகும். இதே முறையில் மதுரை நகரின் தாள் 58 கே/1 எனக் கணித்துக் கொள்ளலாம்.

58 ஏ/11 தாள், நிலத்தில் ஏறத்தாழ 27.6 கிமீ உயரமும் 27.3 கிமீ அகலமும் கொண்ட பரப்பைக் காட்டுகின்றது. 30 பாகை அட்சத்தை ஒட்டியுள்ள டேராடூனில், அதே 15 கலை அகலம் ஏறத்தாழ 24 கிமீ மட்டுமே. வடக்கே செல்லச்செல்லத் தாள்கள் குறுகுவதற்குத் தீர்க்கக்கோடுகள் நெருங்குவதே காரணம்.

=== கட்டக்கோட்டு ஆள்கூறுகள் ===

அட்ச, தீர்க்கக் கோடுகள் வளைகோடுகள் என்பதால் சிறிய பரப்புகளில் அளப்பதற்கு வசதியற்றவை. எனவே படத்தின் மீது ஒரு கிமீ இடைவெளியில் நேர்கோட்டு வலை ஒன்று வரையப்படுகின்றது. மேற்கிலிருந்து கிழக்காக எண்ணிக்கை உயரும் நிலைக்குத்துக் கோடுகள் கிழக்கெண்கள் எனவும், தெற்கிலிருந்து வடக்காக உயரும் கிடைக்கோடுகள் வடக்கெண்கள் எனவும் கொள்ளப்படும்.

ஒரு கட்டத்தைக் குறிக்க, அதன் தென்மேற்கு மூலையில் சந்திக்கும் இரு கோடுகளின் எண்கள் எழுதப்படும். கிழக்கெண் 45, வடக்கெண் 82 எனில் அது 4582 என்ற நான்கு இலக்கக் குறிப்பு. கட்டத்துக்குள் கோயில் ஒன்று 45 ஆம் கோட்டிலிருந்து பத்தில் ஆறு பங்கு கிழக்கிலும், 82 ஆம் கோட்டிலிருந்து பத்தில் மூன்று பங்கு வடக்கிலும் இருந்தால், அதன் ஆறிலக்கக் குறிப்பு 456823 ஆகும். இது இடத்தை 100 மீட்டர் துல்லியத்துக்குக் குறிக்கும். 1:50,000 படத்தில் இது 2 மிமீ மட்டுமே.

கிழக்கெண்ணே முதலில் எழுதப்படவேண்டும் என்பது மாறாத விதி. 4582 என்பதை 8245 என மாற்றி எழுதினால், குறிக்கப்படும் இடம் ஏறத்தாழ 52 கிமீ தள்ளிப் போய்விடும். மீட்புப் பணியாளர்களுக்குத் தரும் குறிப்பில் இவ்வாறான மாற்றம் நேர்ந்தால் விளைவு பெரிது.

=== தொடக்கப் புள்ளி ===

கட்டக்கோடுகளின் எண்கள் எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்பதும் உடன்பாடே. இலங்கையின் கட்டக்கோட்டு வலை, அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையை மையமாகக் கொண்டது. எதிர்ம எண்கள் வராதிருக்க, முந்திய முறையில் அம்மையத்துக்குக் கிழக்கே 2,00,000 மீட்டர், வடக்கே 2,00,000 மீட்டர் என மதிப்புத் தரப்பட்டது. 1999 ஆம் ஆண்டின் புதிய முறையில் இரண்டும் 5,00,000 மீட்டர் ஆக்கப்பட்டன. ஆகவே ஒரே கிணற்றின் ஆள்கூறுகள் இரு முறைகளிலும் ஏறத்தாழ 3,00,000 மீட்டர் வேறுபடும். இத்தகைய பெரிய வேறுபாடு உடனே கண்ணில் படும்.

சிறிய வேறுபாடுகளே கண்ணில் படாமல் தப்பிவிடுகின்றன. பழைய இந்தியப் படங்கள் புவியின் வடிவத்துக்கு எவரெசுட்டு நீளுருண்டை என்னும் கணிதவடிவத்தைப் பயன்படுத்தின. செயற்கைக்கோள் இடங்காட்டிகள் 1984 ஆம் ஆண்டின் உலக முறையைப் பயன்படுத்துகின்றன. தென்னிந்தியாவில் இவ்விரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கும் மேற்பட்ட இடவேறுபாடு உண்டு. கைப்பேசி காட்டும் ஆள்கூற்றைப் பழைய படத்தில் அப்படியே குறித்தால், ஆற்றின் ஒரு கரையில் நிற்பவர் மறுகரையில் நிற்பதாகத் தோன்றக்கூடும்.

== திசை ==

இடவிளக்கப்படங்களில் மூன்று வடக்குகள் உள்ளன.

* உண்மை வடக்கு: புவியின் வடதுருவத்தை நோக்கிய திசை. தீர்க்கக்கோடுகள் இத்திசையில் செல்கின்றன.
* கட்ட வடக்கு: படத்தின் கட்டக்கோடுகள் செல்லும் திசை.
* காந்த வடக்கு: திசைகாட்டியின் முள் காட்டும் திசை.

உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணம் காந்த விலகல் எனப்படும். இது இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அதனால் படத்தின் ஓரத்தில் விலகலுடன் அது அளக்கப்பட்ட ஆண்டும் குறிக்கப்படுகின்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இவ்விலகல் சிறியது என்பதால் பள்ளிப் பயிற்சிகளில் பெரும்பாலும் விட்டுவிடப்படும். எனினும், ஒரு பாகைப் பிழையுடன் 10 கிமீ நடப்பவர் செல்லவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 175 மீட்டர் விலகியிருப்பார். அடர்ந்த காட்டில் இது சிறிய தொலைவு அன்று.

வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 0 முதல் 360 பாகை வரை அளக்கப்படும் கோணம் திசைகோள் எனப்படும். கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 பாகைகள். ஓரிடத்திலிருந்து ஒரு மலையுச்சியின் திசைகோள் 60 பாகை எனில், அவ்வுச்சியிலிருந்து அவ்விடத்தின் பின் திசைகோள் 240 பாகை ஆகும். தெரிந்த இரண்டு உச்சிகளின் திசைகோள்களை அளந்து, அவ்வுச்சிகளிலிருந்து பின் திசைகோள்களில் கோடுகள் வரைந்தால், அவை வெட்டும் புள்ளியே அளப்பவர் நிற்கும் இடம்.

இரவில் துருவ மீன் உண்மை வடக்கைக் காட்டும். அடிவானத்திலிருந்து அதன் உயரம் பார்ப்பவரின் அட்சத்துக்கு ஏறத்தாழச் சமம் என்பதால், சென்னையில் அது 13 பாகை உயரத்திலேயே தெரியும்.

== தரைத்தோற்றம் ==

=== சம உயரக்கோடுகள் ===

கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு சம உயரக்கோடு எனப்படும். ஏரியில் நீர் படிப்படியாக வற்றும்போது, ஒவ்வொரு மட்டத்திலும் கரையில் பதியும் நீர்த்தடங்களை மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்தால் இதன் கருத்து விளங்கும். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு சம உயர இடைவெளி ஆகும். இந்திய 1:50,000 படங்களில் இது பொதுவாக 20 மீட்டர். எண்ணுவதற்கு வசதியாக ஒவ்வோர் ஐந்தாவது கோடும் தடிப்பாக வரையப்படும்.

சில பொது விதிகள்:

* ஒவ்வொரு சம உயரக்கோடும் இறுதியில் தன்னுடன் இணைந்து மூடும். ஒரே தாளுக்குள் மூடாவிடினும் அடுத்த தாள்களில் மூடும்.
* வெவ்வேறு உயரக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டா. வெளியே துருத்தி நிற்கும் பாறை மட்டுமே விதிவிலக்கு.
* கோடுகள் நெருங்கினால் சரிவு கடுமை. விலகினால் சரிவு மென்மை.
* மழைநீர் சம உயரக்கோட்டுக்குச் செங்குத்தான திசையில் வழிந்தோடும்.

=== நிலவடிவங்கள் ===

* குன்று: ஒன்றனுள் ஒன்றாக மூடிய வளையங்கள். உட்புற வளையத்தின் உயரம் கூடுதலாக இருக்கும்.
* பள்ளம்: இவையும் மூடிய வளையங்களே. ஆனால் உட்புற உயரம் குறைவாக இருக்கும். எண்களைப் பார்க்காமல் குன்றையும் பள்ளத்தையும் வேறுபடுத்த இயலாது.
* பள்ளத்தாக்கு: கோடுகளின் கூர்முனை உயர்ந்த நிலத்தை நோக்கி இருக்கும்.
* கிளைக்குன்று: கோடுகளின் கூர்முனை தாழ்ந்த நிலத்தை நோக்கி இருக்கும்.
* சேணம்: இரு உச்சிகளுக்கு இடையே தாழ்ந்த பகுதி. மலைப்பாதைகள் பெரும்பாலும் இதன் வழியே செல்லும்.
* ஓங்கல்: பல கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கோடு போலத் தோன்றும்.
* குழிவுச் சரிவு, குவிவுச் சரிவு: மேலே நெருங்கிக் கீழே விலகும் கோடுகள் குழிவையும், மேலே விலகிக் கீழே நெருங்கும் கோடுகள் குவிவையும் காட்டும். குவிவுச் சரிவின் உச்சியில் நிற்பவருக்கு அடிவாரம் தெரியாது.

=== சாய்வு ===

உயர வேறுபாட்டைக் கிடைத் தொலைவால் வகுத்தால் சாய்வு கிடைக்கும். 2,400 மீட்டர் கோட்டுக்கும் 2,600 மீட்டர் கோட்டுக்கும் இடையே 1:50,000 படத்தில் 2 செமீ இருந்தால், 1,000 மீட்டர் தொலைவில் 200 மீட்டர் உயர்வு. சாய்வு 1:5, அதாவது ஏறத்தாழ 11 பாகை. காலால் ஏறுவதற்கு இது கடுமையான ஏற்றம். பற்சட்டம் இல்லாத தொடர்வண்டிக்கு இயலவே இயலாது.

நீலகிரி மலை இரயில்பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை ஏறத்தாழ 46 கிமீ நீளத்தில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தை இது ஏறுகின்றது. சராசரிச் சாய்வு ஏறத்தாழ 1:25. ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் சாய்வு 1:12 வரை கடுமையாவதால், அங்கு மட்டும் பற்சட்டம் பொருத்தப்பட்டுள்ளது. சராசரியை மட்டும் கணித்தவர் இதனை அறிய முடியாது. பாதையை 58 ஏ/11, 58 ஏ/15 தாள்களில் பின்தொடர்ந்து, அது சம உயரக்கோடுகளை எங்கே ஒட்டியும் எங்கே வெட்டியும் செல்கின்றது எனப் பார்த்தால் மட்டுமே விளங்கும்.

=== சம உயரக்கோடுகள் காட்டாதவை ===

20 மீட்டர் இடைவெளியுள்ள படத்தில், இரு கோடுகளுக்கு இடைப்பட்ட நிலம் பற்றி எச்செய்தியும் இல்லை. 19 மீட்டர் உயரமான மேடுகூட ஒரு கோட்டையும் தொடாமல் மறைந்துவிடலாம். மலைநாட்டில் இது பெரிய குறை அன்று. ஆனால் காவிரிக் கழிமுகம், யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற தட்டையான நிலங்களில் பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு கோடும் இராது. அங்கே வெள்ளநீர் எப்பக்கம் செல்லும் என்பதை ஓரிரு மீட்டர் உயர வேறுபாடே முடிவு செய்கின்றது. படத்தில் கோடு இல்லை என்பதனால் நிலம் மட்டமானது எனக் கொள்ளுதல் தவறு.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, ஏரிக்கரை, ஆற்றின் அணைக்கரை, இரயில்பாதை மேடு ஆகியவற்றின் அருகே சார்பு உயரங்கள் எழுதப்படுகின்றன. "5ஆர்" எனக் கரையருகே இருந்தால், அது சுற்றியுள்ள நிலத்திலிருந்து 5 மீட்டர் உயர்ந்தது என்பது பொருள். கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் என்பது அன்று.

== உயரத்தின் அடிப்படை ==

படங்களில் உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து தரப்படுகின்றது. அலை ஏற்றவற்றங்களைப் பல ஆண்டுகள் பதிவு செய்து இம்மட்டம் கணிக்கப்படும். படங்களில் உயரத்தைக் குறிக்கும் புள்ளிகள் மூவகைப்படும். முக்கோண அளவை நிலையங்கள் சிறு முக்கோணத்துடனும், இடவுயரங்கள் ஒரு புள்ளியுடனும், மட்ட அளவையால் துல்லியமாக அளந்து கல்லில் பொறிக்கப்பட்ட மட்டக்குறிகள் "பி.எம்." என்ற எழுத்துகளுடனும் தரப்படும். தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர் என்பது இவ்வாறு கடல்மட்டத்திலிருந்து கணித்ததாகும்.

செயற்கைக்கோள் இடங்காட்டிகள் நேரடியாகக் கணிப்பது கடல்மட்டத்திலிருந்து உயரத்தை அன்று. சீரான நீளுருண்டையின் பரப்பிலிருந்தே அவை உயரத்தைக் கணிக்கின்றன. புவியினுள் பொருள்கள் சீராகப் பரவாமையால் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகின்றது. அதனால் சராசரிக் கடல்மட்டப் பரப்பும் மேடு பள்ளமாக உள்ளது. உலகிலேயே இப்பரப்பு மிகத் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே உள்ள இந்தியப் பெருங்கடலில் ஆகும். அங்கே அது நீளுருண்டையைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்துள்ளது. ஆகவே தமிழகத்தின் தென்கரையிலோ இலங்கையிலோ கடற்கரையில் நிற்பவரின் கருவி, திருத்தம் செய்யாத நிலையில், பல பத்து மீட்டர் எதிர்ம உயரத்தைக் காட்டும். கருவி பழுது அன்று. அளவின் தொடக்கமே வேறு.

== நிறங்களும் குறியீடுகளும் ==

இந்திய இடவிளக்கப்படங்களில் நிறங்களின் பொதுவான பொருள்:

* பழுப்பு: சம உயரக்கோடுகள்
* நீலம்: நீர் உள்ள ஆறு, ஏரி, கிணறு
* பச்சை: காடு, மரங்கள்
* மஞ்சள்: பயிர்நிலம்
* சிவப்பு: குடியிருப்பு, சாலை
* கறுப்பு: பெயர்கள், இரயில்பாதை, எல்லைகள், நீரற்ற ஓடைகள்

கடைசியில் உள்ளது கவனிக்கத்தக்கது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் ஓடையும் ஏரியும் நீலத்தில் அன்றி, கறுப்பு வரைகோட்டில் இருக்கும். தமிழகத்தின் பல ஏரிகள் மழைக்காலத்தில் மட்டும் நிறைபவை. நீலத்தை மட்டும் தேடுபவர் அவற்றைத் தவறவிடுவார்.

சுருக்கக் குறிகளிலும் மயக்கம் நேரலாம். "ஆர்.எஃப்." என்பது படத்தின் உள்ளே காட்டுப்பகுதியில் இருந்தால் ஒதுக்கக் காடு எனவும், ஓரத்தில் இருந்தால் அளவையின் பின்னம் எனவும் பொருள்படும். "பி.எஸ்." காவல் நிலையத்தையும், "பி.ஓ." அஞ்சல் நிலையத்தையும் குறிக்கும்.

== படத்தின் காலம் ==

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அளவை நடந்த ஆண்டும் பதிப்பித்த ஆண்டும் இருக்கும். நிலத்தைப் பற்றிப் படம் கூறுவது அளவை நடந்த ஆண்டின் நிலையே. அதன்பின் கட்டப்பட்ட பாலமும், அழிந்த காடும் அதில் இரா.

பழைய படங்கள் இதனாலேயே வேறொரு வகையில் பயன்படுகின்றன. சென்னையில் மாம்பலம், நுங்கம்பாக்கம் பகுதிகளில் பரந்திருந்த நீண்ட ஏரி, 1920களில் தொடங்கிப் படிப்படியாகத் தூர்க்கப்பட்டது. அந்நிலத்தில் தியாகராய நகர் உருவானது. 1976 இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த பகுதியிலேயே உள்ளது. இன்றைய படத்தில் ஏரி இல்லை. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை போன்ற பெயர்களே எஞ்சியுள்ளன. ஆயினும் நிலத்தின் தாழ்வு பெயர் மாற்றத்தால் நிரம்பிவிடுவதில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு வாசிப்பவர், மழைநீர் தேங்கும் இடங்களுக்கான காரணத்தை அறிந்துகொள்ளலாம்.

== வாசிக்கும் ஒழுங்கு ==

புதிய தாள் ஒன்றை வாசிக்கத் தொடங்குபவர் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

# தாளின் எண், அளவை நடந்த ஆண்டு ஆகியவற்றைப் பார்த்தல்.
# அளவையைப் பார்த்தல். படி எனில் கோட்டளவையைச் சரிபார்த்தல்.
# சம உயர இடைவெளியையும் அதன் அலகையும் பார்த்தல். பழைய தாள்களில் உயரம் அடியில் இருக்கும்.
# வடக்குகளையும் காந்த விலகலையும் பார்த்தல்.
# கட்டக்கோட்டு முறையையும் அதன் அடிப்படையையும் பார்த்தல்.
# ஆறுகளைத் தொடர்ந்து சென்று, நிலம் எப்பக்கம் சரிகின்றது என அறிதல்.
# உச்சிகளையும் தடித்த சம உயரக்கோடுகளையும் கொண்டு தரைத்தோற்றத்தை அறிதல்.
# இறுதியாகச் சாலைகள், ஊர்கள் ஆகியவை அத்தரைத்தோற்றத்துடன் எவ்வாறு பொருந்தியுள்ளன எனக் காணுதல்.

== கலைச்சொல் வேறுபாடுகள் ==

தமிழகப் பாடநூல்களும் இலங்கைப் பாடநூல்களும் ஒரே கருத்துக்கு வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்துவதுண்டு. ஒரு நாட்டு மாணவர் மற்ற நாட்டு நூலை வாசிக்கும்போது பின்வரும் இணைச்சொற்கள் உதவும். முதலில் தமிழக வழக்கும் அடுத்து இலங்கை வழக்கும் தரப்பட்டுள்ளன.

* நிலவரைபடம் – தேசப்படம்
* அளவை – அளவுத்திட்டம்
* பிரதிபின்னம் – வகைக்குறிப்பின்னம்
* அட்சக்கோடு – அகலக்கோடு
* தீர்க்கக்கோடு – நெடுங்கோடு
* நிலநடுக்கோடு – மத்தியகோடு
* கட்டக்கோட்டு வலை – நெய்யரி
* சம உயரக்கோடு – சமவுயரக்கோடு
* கிளைக்குன்று – சுவடு
* செங்குத்துப் பாறை – ஓங்கல்
* பீடபூமி – மேட்டுநிலம்
* தீபகற்பம் – குடாநாடு
* ஏரி, கண்மாய் – குளம்

இறுதியில் உள்ள இணை முழுமையானதன்று. இலங்கையின் வன்னிப் பகுதியில் குளம் என்பது பெரிய பாசன நீர்நிலை. தமிழகத்தின் பல பகுதிகளில் அச்சொல் ஊருக்குள் உள்ள சிறிய நீர்நிலையையே குறிக்கும். படத்தில் உள்ள பெயரைக் கொண்டு அளவை ஊகிக்காமல், கோட்டளவையைக் கொண்டு அளப்பதே நன்று.

== இவற்றையும் பார்க்க ==

* சம உயரக்கோடு
* காந்த விலகல்
* முக்கோண அளவை
* புவியிடங்காட்டி
* நில அளவை